கிட்னி மாத்துனவங்க குடல்ல மருந்துக்கு அடங்காத கிருமி, அதுக்கு மல மாற்று சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க தம்பிக்கு கிட்னி மாத்தி ஆறு வருஷம் ஆச்சு, அம்மாதான் குடுத்தாங்க. முதல் வருஷத்துல மட்டும் நாலு தடவ யூரின் இன்ஃபெக்ஷன்னு அட்மிட் பண்ணோம், நாலு தடவையும் கல்ச்சர்ல (யூரின்ல என்ன கிருமின்னு வளத்துப் பாக்குற டெஸ்ட்) ஒரே பேரு, ஈ.எஸ்.பி.எல் ஈ கோலை, அதாவது பல மருந்துக்கு அடங்காத ஒரு குடல் கிருமி. ஊசி போட்டா அடங்கும், வீட்டுக்கு வந்து மூணு வாரத்துல திரும்ப குளிர் காய்ச்சல் வந்துடும். "அது குடலுக்குள்ள குடியிருக்குமா, அங்க இருந்துதான் கிளம்பி வருது"ன்னு ஒரு டாக்டர் பொறுமையா உக்காந்து சொன்னாரு, அன்னிலேர்ந்து இதைப் பத்தி படிச்சிட்டு இருக்கேன். செக்கப்புக்கு போய் காத்திருக்கும்போது பக்கத்துல இருக்கவங்ககிட்ட பேசுனா எல்லாருக்கும் இதே சந்தேகம்தான், அதனால கேட்ட கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே இங்க எழுதியிருக்கேன். நான் டாக்டர் இல்ல, நோயாளியோட அக்கா. மருந்து விஷயத்துல உங்க நெஃப்ராலஜிஸ்ட், அதாவது கிட்னி டாக்டர் சொல்றதுதான் முடிவு.

மல மாற்று சிகிச்சைன்னா என்ன? நிஜமாவே இன்னொருத்தர் மலத்தையா உள்ள விடுறாங்க?

ஆமா, அதேதான். ஆரோக்கியமா இருக்க ஒருத்தரோட மலத்தை எடுத்து, ரத்தம் மலம் ரெண்டையும் நிறைய டெஸ்ட் பண்ணி, சலைன்ல கலக்கி வடிகட்டி, அதுல இருக்க கிருமிகளை நோயாளியோட குடலுக்குள்ள சேர்க்கிறாங்க. டாக்டருங்க சுருக்கமா எஃப்.எம்.டி.ன்னு சொல்வாங்க. கேட்டதும் குமட்டும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா அதுல நமக்கு வேண்டியது அந்த உயிருள்ள கிருமிக் கூட்டம்தான். நம்ம பெருங்குடல்ல நூத்துக்கணக்கான வகை பாக்டீரியா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து வாழுது, அந்தக் கூட்டம் கலைஞ்சு போனவங்களுக்கு வேற ஒருத்தர்கிட்ட இருந்து மொத்தமா கொண்டு வந்து நடுறதுதான் இது.

ரிப்போர்ட்ல ஈ.எஸ்.பி.எல்., சி.ஆர்.ஈ.ன்னு போட்டிருக்கே, அது என்ன வியாதி?

அது வியாதி பேரு இல்ல, கிருமியோட குணம். ஈ கோலை, கிளெப்சியெல்லா எல்லாம் குடல்ல சாதாரணமா இருக்க கிருமிங்க. அதுல சிலது செஃப்ட்ரியாக்ஸோன் மாதிரி மருந்தை உடைக்கிற நொதியை தயார் பண்ணும், அதுதான் ஈ.எஸ்.பி.எல். அதுக்கும் ஒரு படி மேல போய் மெரோபெனம், எர்டாபெனம் மாதிரி பெரிய ஊசிக்கே அடங்காததை சி.ஆர்.ஈ.ன்னு சொல்றாங்க. வான்கோமைசின்ங்கிற ஆண்டிபயாடிக்குக்கு அடங்காத என்டரோகாக்கஸ்னு ஒரு குடல் கிருமி இருக்கு, அது வி.ஆர்.ஈ.

நம்ம நாட்டுல சி.ஆர்.ஈ. பல நேரம் என்.டி.எம்.ங்கிற ஜீனால வருது. டெல்லியில சிகிச்சை எடுத்துட்டு ஸ்வீடன் திரும்புன ஒருத்தர்கிட்ட அதைக் கண்டுபிடிச்சு 2009ல எழுதுனாங்க, அதனாலதான் பேருலயே நியூ டெல்லி இருக்கு. 2010ல அது எவ்ளோ பரவியிருக்குன்னு லான்செட் குழும மருத்துவ இதழ் ஒண்ணுல கட்டுரை வந்தப்போ, அதோட முதல் ஆசிரியரே சென்னைப் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணவர்தான். அதாவது இது எங்கயோ நடக்கிற கதை இல்ல.

என் வீட்டுக்காரருக்கு யூரின்லதான இன்ஃபெக்ஷன், குடலுக்கு எதுக்கு வைத்தியம்?

நான் முதல்ல கேட்டதும் இதே கேள்விதான். யூரின்ல வர்ற ஈ கோலை வானத்துல இருந்து வர்றதில்ல, பெரும்பாலும் நம்ம குடல்ல இருந்து ஆசனவாய் வழியா வெளிய வந்து மூத்திரப் பாதைக்குள்ள ஏறுது. மருந்து குடுத்தா யூரின் சுத்தமாகும், ரத்தம் சுத்தமாகும், ஆனா குடல்ல இருக்கது அப்படியே இருக்கும், ஆண்டிபயாடிக்னால கூட இருந்த நல்லதுங்க செத்து இடமும் காலியாயிடும். அதனால அடுத்த தடவ இன்னும் கூட்டமா வரும். தம்பிக்கு வீட்டுக்கு வந்த மூணு வாரத்துல திரும்ப வந்ததுக்கு காரணம் இதுதான்.

எல்லாருக்கும்தான் ஆண்டிபயாடிக் குடுக்கிறாங்க, மாற்று சிகிச்சை பண்ணவங்களுக்கு மட்டும் ஏன் இவ்ளோ வருது?

டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், ஸ்டீராய்டுன்னு மூணு மருந்தும் எதிர்ப்பு சக்தியை வேணும்னே அமுக்கி வெக்கிது, இல்லன்னா உடம்பு புது கிட்னியை ஏத்துக்காது. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா டயாலிசிஸ், கத்தீட்டர், ஆஸ்பத்திரி வாசம். ஆபரேஷன் அப்போ மூத்திரப் பாதையில ஸ்டென்ட்னு ஒரு சின்னக் குழாய் வெப்பாங்க, அதுக்கப்புறம் பல மாசம் கோட்ரைமாக்சசோல்ங்கிற ஆண்டிபயாடிக் தினம் போடணும். கிருமி உள்ள வர்றதுக்கும் வாய்ப்பு அதிகம், வந்தது தங்குறதுக்கும் வாய்ப்பு அதிகம்.

எலும்பு மஜ்ஜை மாத்துனவங்க நிலைமை இன்னும் கஷ்டம். நியூயார்க்ல மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரியில 2012ல வந்த ஆய்வுல, குடல்ல என்டரோகாக்கஸ் மட்டும் மத்ததையெல்லாம் அமுக்கிட்டு ஆட்சி பண்ண ஆரம்பிச்சா வி.ஆர்.ஈ. ரத்தத்துல இறங்குற ஆபத்து 9 மடங்கு கூடுதுன்னு பாத்தாங்க. முதல்ல குடல்ல ஒரே கிருமியோட ராஜ்ஜியம், பின்னாடிதான் ரத்தத்துல.

மோஷன் டெஸ்ட்ல ஈ.எஸ்.பி.எல். இருக்குன்னு வந்திருக்கு, காய்ச்சல் ஒண்ணும் இல்லன்னு மருந்தே தராம அனுப்பிட்டாங்க. இது சரியா?

பெரும்பாலும் சரிதான், தயவுசெஞ்சு வேற இடத்துக்கு போய் மருந்து கேட்டு வாங்காதீங்க. கிருமி இருக்கிறது வேற, கிருமியால நோய் வர்றது வேற. குடல்ல சும்மா இருக்கதுக்கு மருந்து குடுத்தா அது சாகாது, அதைக் கட்டுப்படுத்திட்டு இருக்க மத்ததுங்கதான் சாகும். தம்பிக்கு ஒரு கிளினிக்ல காய்ச்சலே இல்லாம, கல்ச்சர் ரிப்போர்ட்டை மட்டும் பாத்து பத்து நாள் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, நாங்களும் ஒழுங்கா முழுசா சாப்பிட வெச்சோம், அடுத்த மாசமே வயித்துப்போக்கும் இன்ஃபெக்ஷனும் சேர்ந்து வந்துச்சு. அது இன்னிக்கும் எனக்கு மனசு ஆறல.

யூரின் கல்ச்சர்லயும் இதே கதைதான், எரிச்சல் இல்ல காய்ச்சல் இல்ல கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த அளவு) ஏறல, ஆனா கிருமி மட்டும் தெரியுதுன்னா எல்லா நேரமும் மருந்து தேவைப்படாது. ஆபரேஷன் முடிஞ்ச முதல் சில வாரத்துல விதி வேற, அதை டாக்டர் முடிவு பண்ணட்டும்.

ஆண்டிபயாடிக்குக்கே சாகாத கிருமி, இன்னொருத்தர் மலத்துக்கு எப்படி போகும்?

இதை சாகடிக்கிற வேலையா நினைச்சா புரியாது. வயல்ல நாத்து நெருக்கமா இருந்தா கோரை தலை தூக்க முடியாது, பயிரு கருகிப்போய் நிலம் வெறிச்சுன்னு கிடந்தா முதல்ல முளைக்கிறது கோரைதான். நல்ல குடல்ல இருக்க கிருமிங்க நார்ச்சத்தை நொதிக்க வெச்சு கொழுப்பு அமிலங்களை தயார் பண்ணும், அது இருக்க இடத்துல ஈ கோலை கூட்டம் அளவுக்கு மீறி பெருக முடியாது. கிடைக்கிற சர்க்கரையையும் மத்ததுங்க முன்னாடியே தின்னு தீத்துடும். பித்த நீரையும் மாத்தி வெக்கும். எந்த மருந்தும் இல்லாம, சாப்பாடும் இடமும் கிடைக்காமலே அந்த முரட்டுக் கிருமி ஒடுங்கிப் போகும்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சது. மருந்தை எதிர்க்கிற ஜீனை சுமக்கிறது கிருமிக்கும் பாரம்தான். மருந்து இருக்க வரைக்கும் அந்த பாரம் லாபம், மருந்து இல்லாத இடத்துல பல நேரம் அது நஷ்டம். அப்போ அதே ஈ கோலை இனத்துலயே பாரம் இல்லாத, சாதா மருந்துக்கு அடங்குற ஒண்ணு வந்து அதே இடத்தை பிடிச்சுக்கும். கீழ அட்லாண்டா ஆய்வைப் பத்தி சொல்லும்போது இது திரும்ப வரும்.

இது இப்போ புதுசா கிளம்புன வைத்தியமா?

இல்ல. சீனாவுல 4ஆம் நூற்றாண்டுலயே கோ ஹாங்ங்கிற வைத்தியர் கடுமையான வயித்துப்போக்குக்கு மலக் கரைசல் குடுத்ததா எழுதி வெச்சிருக்காரு. நவீன மருத்துவத்துல 1958ல அமெரிக்காவுல டென்வர்ல ஐஸ்மன்ங்கிற சர்ஜனும் கூட இருந்தவங்களும், ஆண்டிபயாடிக்குக்கு அப்புறம் குடல் அழற்சி வந்து உயிருக்குப் போராடுன 4 பேருக்கு எனிமாவா குடுத்து காப்பாத்தியிருக்காங்க.

பெரிய திருப்பம் 2013ல ஆம்ஸ்டர்டாம்ல. சி.டிஃப்ன்னு ஒரு கிருமி இருக்கு, ஆண்டிபயாடிக் சாப்பிட்டு குடல் காலியானவங்களுக்கு திரும்பத் திரும்ப வயித்துப்போக்கு தர்றது. அதுக்கு மூக்கு வழியா குழாய் போட்டு மலக் கரைசல் குடுத்தப்போ 16 பேர்ல 13 பேருக்கு ஒரே தடவையில சரியாச்சு, வான்கோமைசின் மட்டும் சாப்பிட்ட 13 பேர்ல 4 பேருக்குத்தான் சரியாச்சு. வித்தியாசம் அவ்ளோ பெருசா இருந்ததால ஆய்வையே பாதியில நிறுத்திட்டாங்க. அங்க இருந்துதான், சி.டிஃப்பை விரட்டுதுன்னா ஈ.எஸ்.பி.எல்.லையும் விரட்டுமாங்கிற கேள்வி வந்துச்சு.

கிட்னி மாத்துனவங்களுக்கு யாருக்காவது செஞ்சு பாத்திருக்காங்களா?

செஞ்சிருக்காங்க. டென்மார்க்ல ஒரு கிட்னி மாத்துன நோயாளிக்கு, ஈ.எஸ்.பி.எல். கிளெப்சியெல்லாவால திரும்பத் திரும்ப யூரின் இன்ஃபெக்ஷன் வந்தவருக்கு, எஃப்.எம்.டி. குடுத்து அது போனதா 2019ல எழுதியிருக்காங்க. ஆனா ஒருத்தர் கதையை வெச்சு முடிவு பண்ண முடியாது.

முக்கியமானது அட்லாண்டாவுல எமரி பல்கலைக்கழகம் நடத்துன ப்ரீமிக்ஸ் ஆய்வு, 2023 நவம்பர்ல வெளிவந்துச்சு. கிட்னி மாத்துனவங்க, மருந்துக்கு அடங்காத கிருமியால ஏற்கனவே இன்ஃபெக்ஷன் வந்து மீண்டவங்க, குடல்ல இன்னும் அந்தக் கிருமி இருக்கவங்க, மொத்தம் 11 பேர். சீட்டுக் குலுக்குற மாதிரி பிரிச்சு, சிலருக்கு உடனே எனிமாவா எஃப்.எம்.டி., மத்தவங்களை கொஞ்ச நாள் சும்மா கவனிச்சுட்டு அப்புறம் எஃப்.எம்.டி. ஒரு மாசத்துக்கு மேல கழிச்சு டெஸ்ட் பண்ணி, இன்னும் கிருமி இருந்தா இரண்டாவது தடவ. முழுசா முடிச்ச 9 பேர்ல 8 பேருக்கு கடைசியில கிருமி இல்லன்னு வந்துச்சு. எஃப்.எம்.டி. எடுக்காத அதே மாதிரி நோயாளிகளோட ஒப்பிட்டா, அடுத்த இன்ஃபெக்ஷன் வர்றதுக்கு இவங்களுக்கு அதிக நாளாச்சு.

மலத்துல இருந்த ஈ கோலையோட மரபணுவை படிச்சுப் பாத்தப்போதான், ஈ கோலை இனமே ஒழியல, மருந்துக்கு அடங்காத ஈ கோலை இருந்த இடத்துல அடங்குற ஈ கோலை வந்து உக்காந்திருக்குன்னு தெரிஞ்சுது. இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. கிருமியே இல்லாம பண்ண வேண்டாம், மருந்து கேக்குற கிருமியா மாத்துனாலே போதும், அப்புறம் இன்ஃபெக்ஷன் வந்தாலும் வீட்லயே மாத்திரையில அடங்கும், பதினாலு நாள் ஐ.வி. தேவைப்படாது. எங்க மாதிரி குடும்பத்துக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு அட்மிஷன் பில் கட்டுனவங்களுக்குத் தெரியும்.

9ல 8 பேருக்கு சரியாச்சுன்னா சூப்பராச்சே, அப்புறம் ஏன் எல்லாருக்கும் தரமாட்டேங்குறாங்க?

9 பேருங்கிறது ரொம்ப சின்ன எண்ணிக்கை, அதோட இந்தக் கிருமி சில பேருக்கு எதுவும் பண்ணாமலே தானா போயிடும். நெதர்லாந்துல வெளிநாடு போய்ட்டு வந்த 2001 பேரை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, பயணத்துல ஈ.எஸ்.பி.எல்.லை புதுசா ஒட்டிக்கிட்டு வந்தவங்களுக்கு பாதிப் பேருக்கு ஏறக்குறைய ஒரு மாசத்துல போயிடுச்சு, ஆனா பத்துல ஒருத்தருக்கு ஒரு வருஷம் கழிச்சும் இருந்துச்சு. அவங்க ஆரோக்கியமானவங்க, நம்மாளுங்களுக்கு அவ்ளோ சீக்கிரம் போகாது. இருந்தாலும் தானா போனது எது, சிகிச்சையால போனது எதுன்னு பிரிச்சுப் பாக்கணும்ல.

பிரிச்சுப் பாத்த ஆய்வு ஒண்ணு இருக்கு. ஜெனீவா, பாரிஸ், உட்ரெக்ட், டெல் அவிவ் நாலு ஊர்லயும் சேர்த்து 39 பேர், 2019ல வந்துச்சு. 5 நாள் கோலிஸ்டினும் நியோமைசினும் வாய் வழியா குடுத்து அப்புறம் எஃப்.எம்.டி. குடுத்தவங்கள்ல 22க்கு 9 பேருக்கு கிருமி போச்சு, எதுவுமே குடுக்காதவங்கள்ல 17க்கு 5 பேருக்கு போச்சு. 41 சதவீதம், 29 சதவீதம். கணக்குப்படி இதை உறுதியான வித்தியாசம்னு சொல்ல முடியாது. அதே வருஷம் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும், இந்தக் கிருமியை வெளியேத்துறதை வழக்கமா எல்லாருக்கும் செய்யவேண்டாம்னுதான் சொல்லுச்சு.

கிருமி முழுசா போகலன்னா அப்போ இது வேஸ்ட்தான?

நான் அப்படி நினைக்கல. லண்டன் இம்பீரியல் காலேஜ்ல பண்ண ஒரு ஆய்வுல, எஃப்.எம்.டி. எடுத்தவங்கள்ல நிறைய பேருக்கு டெஸ்ட்ல கிருமி இன்னும் தெரிஞ்சுது, ஆனாலும் ரத்தத்துல கிருமி இறங்குறது குறைஞ்சுது, ஆஸ்பத்திரியில படுத்த நாளும் குறைஞ்சுது. அந்த ஆய்வுக் கட்டுரையோட தலைப்புலயே கிருமியை வெளியேத்துறதை விட நோயைத் தடுக்கிறதுதான் குறிக்கோள்னு வெச்சிருக்காங்க. நம்மளும் ரிப்போர்ட்ல நெகட்டிவ் வந்துச்சாங்கிறதையே கேட்டுட்டு இருக்கோம், வருஷத்துக்கு எத்தனை தடவ அட்மிட் ஆனாருங்கிறதுதான் கேக்கவேண்டிய கேள்வி.

ஆண்டிபயாடிக் சாப்பிட்டுட்டு இருக்கும்போதே இதைச் செய்யலாமா?

வார்சாவுல ரத்த நோய் இருந்த 20 பேருக்கு பண்ண ஆய்வு இதுக்கு நல்ல பதில் சொல்லுது. 20ல 15 பேருக்கு கிருமி போச்சு. எஃப்.எம்.டி. குடுத்த சமயத்துல ஆண்டிபயாடிக் இல்லாதவங்களுக்கு 79 சதவீதம், ஆண்டிபயாடிக் ஓடிட்டு இருந்தவங்களுக்கு 36 சதவீதம்தான். நாத்து நட்ட அன்னிக்கே களைக்கொல்லி அடிச்சா நாத்தும்தான போகும்.

ஆனா நம்ம பிரச்சனை என்னன்னா, மாற்று சிகிச்சை பண்ணவங்களுக்கு தடுப்பு மருந்தா குடுக்கிற கோட்ரைமாக்சசோலை நம்ம இஷ்டத்துக்கு நிறுத்தவே கூடாது, அது நுரையீரல்ல வர்ற ஆபத்தான ஒரு பூஞ்சை நோயைத் தடுக்குது. எந்த மருந்தை எப்போ நிறுத்தலாம்ங்கிற முடிவு டாக்டரோடது.

எதிர்ப்பு சக்தியே இல்லாதவங்களுக்கு மலத்தை விட்டா ஆபத்து இல்லையா? யாராவது செத்திருக்காங்களா?

செத்திருக்காங்க. இதை மறைச்சு எழுத எனக்கு மனசு வரல. பாஸ்டன்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில நடந்த ஆய்வுகள்ல ரெண்டு பேருக்கு ஒரே டோனரோட (மலம் குடுத்தவரோட) மலத்துல செஞ்ச கேப்ஸ்யூல் குடுத்திருக்காங்க. ஒருத்தர் கல்லீரல் சுருங்குனவர், இன்னொருத்தர் எலும்பு மஜ்ஜை மாத்துனவர். அந்த டோனர்கிட்ட ஈ.எஸ்.பி.எல். ஈ கோலை இருந்திருக்கு, அது அப்படியே ரெண்டு பேரோட ரத்தத்துலயும் இறங்கிடுச்சு, மஜ்ஜை மாத்துனவர் இறந்துட்டாரு. 2019 ஜூன்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டுச்சு.

வருத்தம் என்னன்னா, டோனர் மலத்துல மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கான்னு பாக்குற டெஸ்ட்டை அங்க 2019 தொடக்கத்துலயே கொண்டு வந்துட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடி தயார் பண்ணி ஃப்ரீசர்ல வெச்சிருந்த கேப்ஸ்யூலை திரும்ப டெஸ்ட் பண்ணல. எந்தக் கிருமியை விரட்டணும்னு நம்ம இதை நாடுறோமோ அதே கிருமியை இதே வழியா உள்ள விட்டுட முடியும்ங்கிறதை யாரும் மறக்கக்கூடாது. 2020 மார்ச்ல வேற வகை ஈ கோலை இதே மாதிரி பரவினதா இன்னொரு எச்சரிக்கையும் வந்துச்சு.

அதே நேரம் முழுசா பயந்து ஒதுக்கவும் வேண்டாம். எதிர்ப்பு சக்தி குறைஞ்ச 80 பேருக்கு சி.டிஃப்புக்காக எஃப்.எம்.டி. குடுத்ததை 2014ல தொகுத்து எழுதுனாங்க, அதுல 19 பேர் உறுப்பு மாத்துனவங்க. முதல் தடவையில 78 சதவீதம் பேருக்கு சரியாச்சு. வெள்ளை அணுக்கள் ரொம்ப இறங்கியிருக்கவங்க மாதிரி கடுமையா எதிர்ப்பு சக்தி இல்லாதவங்களுக்கு வேண்டாம்னு அமெரிக்க குடல்நோய் மருத்துவர் சங்கத்தோட 2024 வழிகாட்டுதல் சொல்லுது. யார் எந்தப் பக்கம்ங்கிறதை ரத்த டெஸ்ட்டைப் பாத்து டாக்டர்தான் சொல்லணும்.

என் பையனுக்கு 22 வயசு, ஜிம் போறான், நல்லா ஆரோக்கியமா இருக்கான். அவன்கிட்டயே எடுத்துக்கலாமே?

பாசத்துல கேக்குறீங்க, புரியுது. ஆனா ஒரே வீட்ல ஒரே பாத்ரூம் புழங்குறவங்ககிட்ட அதே கிருமி இருக்க வாய்ப்பு அதிகம், அவங்களுக்கு ஒண்ணும் பண்ணாததால தெரியாம இருக்கும். மேல சொன்ன நெதர்லாந்து ஆய்வுல தெற்காசியாவுக்கு வந்துட்டுப் போனவங்கள்ல 75 சதவீதம் பேர் ஈ.எஸ்.பி.எல்.லை ஒட்டிக்கிட்டு போயிருக்காங்க. சில வாரம் சுத்திப் பாக்க வந்தவங்களுக்கே அப்படின்னா, இங்கயே பிறந்து இங்க தண்ணி குடிச்சு வளர்ந்த நம்ம பையன் குடல்ல என்ன இருக்குன்னு ஜிம் பாடியை வெச்சு சொல்ல முடியாது.

எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்கள், சிஃபிலிஸ், குடல் புழு, சி.டிஃப், சால்மொனெல்லா, ஷிகெல்லா, மருந்துக்கு அடங்காத கிருமிகள், கோவிட்னு பட்டியல் போட்டு பாப்பாங்க. சமீபத்துல ஆண்டிபயாடிக் சாப்பிட்டிருந்தா, வெளிநாடு போயிருந்தா, ஆஸ்பத்திரியில வேலை பாத்தா சேத்துக்கமாட்டாங்க. அமெரிக்காவுல ஓபன்பயோம்னு ஒரு மல வங்கி இருந்துச்சு, அவங்ககிட்ட டோனரா வர்றேன்னு வந்தவங்கள்ல நூத்துக்கு மூணு பேர் தேறுனதே பெருசு.

யூட்யூப்ல வீட்லயே மிக்ஸியில அடிச்சு எனிமா குடுக்கிறதை காட்டுறாங்க, நம்மளும் செய்யலாமா?

வேண்டாம். கால்ல விழுந்து கேக்குறேன், வேண்டாம். பாஸ்டன்ல பெரிய ஆஸ்பத்திரியில டெஸ்ட் பண்ணி குடுத்தப்பவே என்ன ஆச்சுன்னு மேல எழுதியிருக்கேன். வீட்ல எந்த டெஸ்ட்டும் இல்லாம, டாக்ரோலிமஸ் சாப்பிடுற ஒருத்தருக்கு குடுத்தா கிட்னி மட்டும் இல்ல உயிரே போகலாம்.

எந்த வழியா குடுப்பாங்க? வலிக்குமா?

எனிமா, கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியா விடுற கேமரா குழாய்), மூக்கு வழியா சிறுகுடல் வரைக்கும் குழாய், இல்லன்னா கேப்ஸ்யூல். டோனர் மலத்தை கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில உறைய வெச்சு தேவைப்படும்போது எடுப்பாங்க. வலி இல்ல, ஒண்ணு ரெண்டு நாள் வயிறு உப்புசம், லேசா போக்கு, கேஸ் இருக்கலாம். காய்ச்சல் வந்தா மட்டும் ஒரு மணி நேரம் கூட காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

அமெரிக்காவுல மருந்தாவே வந்துடுச்சாமே, சொந்தக்காரங்க மூலமா வரவழைக்கலாமா?

ரெண்டு வந்திருக்கு. ரெபயோட்டான்னு ஆசனவாய் வழியா குடுக்கிறது, 2022 நவம்பர்ல அனுமதி. வவ்ஸ்ட்னு கேப்ஸ்யூல், 2023 ஏப்ரல்ல அனுமதி, தினம் 4 கேப்ஸ்யூல் வீதம் 3 நாள். ஆனா ரெண்டுக்கும் அனுமதி குடுத்தது சி.டிஃப் திரும்ப வராம தடுக்கிறதுக்கு மட்டும்தான், ஈ.எஸ்.பி.எல்., சி.ஆர்.ஈ.க்கு இல்ல. அதோட வவ்ஸ்ட்ல இருக்கிறது ஒரு பிரிவு பாக்டீரியாக்களோட விதை மாதிரியான ஸ்போர்கள் மட்டும், மல மாற்று மாதிரி முழுக் கூட்டமும் இல்ல. நம்ம பிரச்சனைக்கு அது வேலை செய்யுமாங்கிறது தனிக் கேள்வி. விலையும் பல லட்சம், வாங்கி அனுப்பச் சொல்லாதீங்க.

குடல் கிருமி மாறுனா கிட்னி ரிஜெக்ட் ஆயிடுமா? டாக்ரோலிமஸ் லெவல் மாறுமா?

ரிஜெக்ஷன் பத்தி இவ்ளோ சின்ன ஆய்வுகளை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது, அதனாலதான் எஃப்.எம்.டி.க்கு அப்புறம் கிரியேட்டினினை நெருக்கமா பாக்குறாங்க. டாக்ரோலிமஸ் லெவல், அதாவது அந்த மருந்து ரத்தத்துல எவ்ளோ இருக்குங்கிறது, நிஜமாவே கவனிக்க வேண்டிய விஷயம். வயித்துப்போக்கு வந்தாலே லெவல் ஏறும், இது மாற்று சிகிச்சை பண்ண வீட்ல எல்லாருக்கும் அனுபவத்துல தெரியும்.

கிருமியும் அதுல கை வெக்குது. நியூயார்க்ல கிட்னி மாத்துன 19 பேரோட மலத்தை பாத்தப்போ, ஃபீக்கலிபாக்டீரியம்ங்கிற நல்ல பாக்டீரியா அதிகமா இருந்தவங்களுக்கு டாக்ரோலிமஸ் டோஸும் அதிகமா தேவைப்பட்டுச்சு. அந்த பாக்டீரியா டாக்ரோலிமஸை வீரியம் கம்மியான பொருளா மாத்துறதை பின்னாடி லேப்ல கண்டுபிடிச்சாங்க. நல்ல கிருமி வந்து மருந்தைத் தின்னா கிட்னிக்கு ஆபத்து, அதனால குடல்ல எந்த மாற்றம் பண்ணாலும் அடுத்த சில வாரம் லெவல் டெஸ்ட்டை தள்ளிப்போடவே கூடாது.

ஆபரேஷனுக்கு முன்னாடியே நம்ம சொந்த மலத்தை எடுத்து வெச்சு அப்புறம் போட்டுக்க முடியாதா?

அருமையான கேள்வி, ஒரு பாட்டி கேட்டாங்க. இதை நிஜமாவே செஞ்சிருக்காங்க, மேல சொன்ன அதே ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரியில. எலும்பு மஜ்ஜை மாத்துறதுக்கு முன்னாடி நோயாளியோட மலத்தை உறைய வெச்சு, சிகிச்சையெல்லாம் முடிஞ்சதும் அவங்களுக்கே திரும்பக் குடுத்தாங்க. 2018ல 25 பேர் முடிவு வந்துச்சு, திரும்ப வாங்கிக்கிட்ட 14 பேருக்கு குடல் கிருமிக் கூட்டம் பழையபடி மீண்டுச்சு, மத்தவங்களுக்கு அப்படி மீளல. வேற ஒருத்தர் கிருமி வர்ற பயமே இதுல இல்ல. ஆனா எடுத்து வெக்கும்போதே நம்ம குடல் சுத்தமா இருந்திருக்கணும், டயாலிசிஸ்ல பல வருஷம் கிடந்தவங்களுக்கு அதுலயே முரட்டுக் கிருமி இருந்தா அதைத்தான் சேமிச்சு வெப்போம்.

தயிர், பழைய சோறு, ப்ரோபயாடிக் பவுடர் போதாதா?

தயிர்ல இருக்கது சில வகை கிருமிதான், அதுவும் குடல்ல தங்காது, சில நாள்ல போயிடும். நல்லா காய்ச்சின பால்ல வீட்ல தோய்ச்ச தயிரை எங்க தம்பி டாக்டர் அனுமதியோட சாப்பிடுறான், அது சாப்பாடு, வைத்தியமா நினைக்கல. பழைய சோறு நல்லதுதான், ஆனா எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கவங்களுக்கு ராத்திரி முழுக்க வெளிய வெச்ச சாதத்தோட சுத்தத்தை நம்ப முடியாது, முதல் வருஷம் எங்களுக்கு வேண்டாம்னே சொன்னாங்க.

ப்ரோபயாடிக் பவுடரை (நல்ல கிருமின்னு விக்கிற பவுடர்) டாக்டரைக் கேக்காம தொடவே தொடாதீங்க, அதுல இருக்க ஈஸ்ட்டும் லாக்டோபேசிலஸும் எதிர்ப்பு சக்தி இல்லாத சிலருக்கு ரத்தத்துல இறங்கியிருக்கு. இஸ்ரேல்ல 2018ல ஒரு ஆய்வு, ஆண்டிபயாடிக் முடிச்சவங்களுக்கு ப்ரோபயாடிக் குடுத்தப்போ அவங்க சொந்தக் கிருமிக் கூட்டம் திரும்பி வர்றது இன்னும் தாமதமாச்சு, சொந்த மலத்தை திரும்பக் குடுத்தவங்களுக்கு சில நாள்லயே திரும்பிடுச்சு.

ஒரு தடவ கிருமி போயிட்டா திரும்ப வரவே வராதா?

வரலாம். அடுத்த ஆண்டிபயாடிக், அடுத்த ஆஸ்பத்திரி அட்மிஷன், வீட்ல இருக்க இன்னொருத்தர், எல்லா வழியும் திறந்துதான் இருக்கு. அதனால டெஸ்ட் நெகட்டிவ்னு வந்தாலும் டாய்லெட் போய்ட்டு சோப்பு போட்டு கை கழுவுறது, தண்ணி நிறைய குடிக்கிறது, யூரினை அடக்காம போறது இதெல்லாம் விடக்கூடாது. முழுசா போகாம அளவு குறைஞ்சு பதுங்கி இருந்தாலும் டெஸ்ட்ல நெகட்டிவ்னு காட்டும்.

நம்ம ஊர்ல இது கிடைக்குமா? டாக்டர்கிட்ட என்னன்னு கேக்குறது?

எஃப்.எம்.டி. இந்தியாவுல நடக்குது, ஆனா வேற நோய்களுக்கு. லூதியானாவுல தயானந்த் மெடிக்கல் காலேஜ்ல குடல் புண் நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு பல வருஷமா பண்றாங்க, டெல்லியில ஐ.எல்.பி.எஸ்.ங்கிற கல்லீரல் ஆஸ்பத்திரியில குடியால வர்ற கடுமையான கல்லீரல் அழற்சிக்கு பண்ணி எழுதியிருக்காங்க. மருந்துக்கு அடங்காத கிருமிக்காக, அதுவும் உறுப்பு மாத்துனவங்களுக்கு, இது இன்னும் ஆய்வு நிலையிலதான் இருக்கு. யாராவது பணம் வாங்கிட்டு கண்டிப்பா சரியாயிடும்னு சொன்னா நம்பாதீங்க.

டாக்டர்கிட்ட எஃப்.எம்.டி. பண்ணுங்கன்னு நேரா போய் நிக்காதீங்க, நாங்க அப்படித்தான் நின்னோம், அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துட்டோம். அடுத்த தடவ ஒரு நோட்டுல ரெண்டு வருஷ கல்ச்சர் ரிப்போர்ட், எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை நாள்னு தேதியோட எழுதிட்டு போனோம். தம்பி கிட்னியில ஸ்டென்ட் விட்டுப்போச்சா, யூரின் முழுசா வெளியேறாம தங்குதா, மைக்கோஃபெனோலேட் டோஸ் அதிகமா இருக்கான்னு ஒவ்வொண்ணா கேட்டோம். ஸ்கேன்ல யூரின் தங்குறது தெரிஞ்சுது, அதை சரி பண்ணாங்க. தொற்றுநோய் மருத்துவர் ஒருத்தரையும் சேர்த்துப் பாத்தோம், அவரு தேவையில்லாத மருந்து ரெண்டை நிறுத்துனாரு. எஃப்.எம்.டி. எடுக்காமலே பதினாலு மாசமா அட்மிஷன் இல்ல. அந்த நோட்டு இப்பவும் அம்மா பையிலதான் இருக்கு, ஒவ்வொரு செக்கப்புக்கும் கூடவே வருது.